தீவில் ஒரு நாள்

ஊர் சுற்றிப் பார்த்தலும் கல்வியே என்பர் பெரியோர். அஃது உண்மையே. ஆயினும், நம்மில் பலர் ஊர் பார்க்கும் முறையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கையில் ஒரு பட்டியல், இடத்திற்குக் கால் மணி நேரம், ஒரு புகைப்படம், மீண்டும் ஓட்டம். மாலையில் கால்வலி மிஞ்சுமேயன்றிக் கண்ட பொருள் நெஞ்சில் நில்லாது. சிறு குழந்தையோடு செல்வோர்க்கு இவ்வோட்டம் இயலாது. அவ்வியலாமையும் ஒரு பேறே என்பதை, இராமேசுவரத் தீவில் நாங்கள் கழித்த ஒரு நாளைக் கொண்டு கூற விழைகின்றேன்.

பாகூரிலிருந்து ஐவர் சென்றோம்: நான், என் மனைவி, மகன், மருமகள், இரண்டரை வயதுப் பேத்தி. விழுப்புரத்தில் இரவு வண்டி ஏறினோம். பொழுது புலர்ந்தபின் வண்டி பாம்பனை அடைந்தது. 1914-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பழைய பாலத்தில் 2022-ஆம் ஆண்டின் இறுதியோடு வண்டிகள் நின்றுவிட்டன. அதன் அருகே, 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பெற்ற புதிய பாலத்தின்மீது எங்கள் வண்டி ஊர்ந்தது. கப்பல் வருங்கால், அப்பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி செங்குத்தாக மேலே உயர்ந்து வழிவிடும். இதனை விளக்க நான் வாயெடுக்குமுன், பேத்தி சன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு, "தாத்தா, பெரிய ஏரி!" என்று கூவினாள்.

பாகூர் ஏரியை நாள்தோறும் காணும் குழந்தைக்குக் கடலும் ஏரியே. அறிந்ததைக் கொண்டு அறியாததை அளத்தல் கல்வியின் முதற்படி என்று ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்தனர். அப்படியில் அவள் தானே ஏறி நின்றாள். அடுத்த வினாவும் எழுந்தது: "கரை எங்கே?" ஏரிக்குக் கரை கட்டியவர் நம் முன்னோர். கடலுக்குக் கரை கட்டியவர் எவருமிலர். ஏரிக்கும் கடலுக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் சுருக்கமாகக் கேட்டுவிட இயலுமோ?

கோயிலின் மூன்றாம் பிராகாரத்தில் 1,212 தூண்கள் உள்ளன. பேத்தி ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணலானாள். ஐந்துக்குமேல் எண்ண அறியாள். ஆதலின் ஆறாவது தூண் மீண்டும் ஒன்றாயிற்று. அவள் பின்னே நாங்களும் மெல்ல நடந்தோம். திடீரென, வெகுதூரம் முன்சென்றுவிட்ட என் மகனைச் சுட்டி, "ஆயா, அப்பா குட்டியாயிட்டாரு!" என்று நகைத்தாள். நின்று நோக்கினோம். ஒத்த உயரமுள்ள தூண்கள் தொலைவு செல்லச் செல்லச் சிறுத்து, இரு வரிசைகளும் ஒரு புள்ளியில் கூடுவனபோல் தோன்றின. ஓவியம் பயிலும் மாணவர் ஏட்டில் கற்கும் இத்தோற்ற விதி, அங்கே கல்லில் விளங்கிற்று.

நண்பகலில் வெயில் ஏறிற்று; குழந்தை உறங்கிவிட்டாள். பட்டியலில் இருந்த கந்தமாதன பர்வதமும் வேறு இரண்டு இடங்களும் எஞ்சி நின்றன. எழுப்பித் தூக்கிச் செல்லலாம் என்றான் மகன். "குழந்தை விழிக்கட்டும்" என்றாள் என் மனைவி. அதற்கு மேல் எவரும் பேசவில்லை.

பிற்பகல் தனுஷ்கோடி சென்றோம். ஒரு காலத்தில் இலங்கைக்குக் கப்பல் புறப்பட்ட துறைமுகம் அது. இரயில் நிலையமும் அஞ்சலகமும் கோயில்களும் கொண்டு விளங்கிய அவ்வூரை, 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு புயல் அழித்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் வண்டியைக் கடல் கொண்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் அதில் மாண்டனர். இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரைத் தொட்டு, "யாரு உடைச்சா?" என்று கேட்டாள் பேத்தி. "கடல், கண்ணே" என்றேன். அவள் திரும்பிக் கடலைப் பார்த்தாள். அலை சிறிதாகவே இருந்தது. அவள் கையில் அக்கடல் தந்த கிளிஞ்சல் இருந்தது. "ஏன்?" என்றாள்.

இரண்டரை வயதினர்க்கு விடை கூறல் அரிது, உங்களுக்குக் கூறலாம். புயற்காற்று கடல்நீரைத் திரட்டிக் கரைமேல் ஏற்றுகின்றது. தாழ்ந்த மணல்நிலம் அதில் மூழ்குகின்றது. அந்நாளில் இன்றுபோல் செயற்கைக்கோள்கள் புயலைத் தொடர்ந்து கண்காணிக்கவில்லை. நமக்கும் இது அயற்செய்தியன்று. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் 30-ஆம் நாள் 'பெஞ்சல்' புதுச்சேரியின் அருகே கரை கடந்தது. நம் வயல்களும் தோப்புகளும் பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். ஆதலின் வானிலை அறிவிப்பைக் கேட்டு நடத்தல் அச்சமன்று, அறிவு. இன்னொன்றும் அறிதல் வேண்டும்: அன்று சிதைந்த பாம்பன் பாலத்தை, ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளரின் பொறுப்பில் 46 நாட்களில் செப்பனிட்டனர்.

மாணவர்களே, அடுத்த விடுமுறையில் உங்கள் தம்பியையோ தங்கையையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் நின்ற இடத்தில் நில்லுங்கள், சுட்டியதைப் பாருங்கள், கேட்ட வினாவைத் தள்ளிவிடாதீர்கள். விடை தெரியாவிடின் நூலகத்தில் தேடிக் கண்டு வந்து சொல்லுங்கள். நான்கு இடங்கள் குறைந்தாலும் குறையட்டும். கண்ட ஓரிடம் வாழ்நாள் முழுவதும் உங்களோடு வரும்.