கடைசியாகப் பல்லைத் தொடுவது எது?

(நமது அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





கல்வி உதவி, மருத்துவ உதவி பற்றித்தான் நான் வழக்கமாகப் பேசுவேன். இன்று என் வீட்டில் நடந்த ஒரு தவறைச் சொல்ல வந்திருக்கிறேன். தவறு செய்தவன் நான்.

என் மகள் வழிப் பேரனுக்கு 5 வயது. இரவுச் சோறு ஊட்டுவது என் பொறுப்பு. கையில் போன் இருந்தால்தான் வாய் திறப்பான். நானும் கொடுத்துப் பழக்கினேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் சோறு கன்னத்தில் ஒதுங்கியிருக்கும். அடம்பிடித்தால் பிஸ்கட். படுக்கையிலும் போன், கூடவே சர்க்கரை போட்ட பால். பார்த்தபடியே தூங்கிவிடுவான். தூங்குகிற பிள்ளையை எழுப்பிப் பல் துலக்க யாருக்கு மனம் வரும்?

சென்ற மாதம் ஒரு நள்ளிரவில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான். காலையில் பல் மருத்துவரிடம் கொண்டு போனோம். கடைவாய்ப் பற்கள் மூன்றில் சொத்தை. "பல் துலக்குகிறானா?" என்று கேட்பார் என நினைத்தேன். "எப்படிச் சாப்பிடுகிறான்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

போன் பல்லைத் தின்பதில்லை. போனோடு சேர்ந்து வருகிற பழக்கம் தின்கிறது. வாயில் உள்ள கிருமிகள் சர்க்கரையையும் மாவுப் பண்டத்தையும் அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சைக் கரைக்கிறது. உமிழ்நீர் அதைச் சரிசெய்ய அரை மணி நேரமாவது வேண்டும். திரையைப் பார்த்தபடி கொறித்துக்கொண்டே இருந்தால் அந்த அவகாசம் கிடைப்பதில்லை. தூக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும். அதனால்தான் இனிப்புப் பாலோடு தூங்குவது மிகுந்த கேடு.

"விழப்போகிற பால்பல்தானே" என்று சிலர் சொல்வார்கள். பின்னால் வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பதே பால்பல்தான். அத்துடன், 6 வயதளவில் பால்பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமலே வருவதால் அதையும் பால்பல் என்று விட்டுவிடுகிறோம். அது நிரந்தரப் பல். போனால் மீண்டும் முளைக்காது.

பல் துலக்குவது நாம் விளம்பரம் பார்த்துக் கற்ற பழக்கமல்ல. நபி (ஸல்) அவர்கள் மிஸ்வாக்கை எவ்வளவு வலியுறுத்தினார்கள் என்பதை மதரஸாவில் ஓதும் பிள்ளையும் சொல்லும். உறங்கி எழுந்ததும் பல் துலக்குவது அவர்களின் வழக்கம். பிள்ளையின் உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அல்லவா?

எங்கள் வீட்டில் இப்போது கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். சாப்பாட்டு விரிப்பில் யாருடைய போனும் இருக்காது. இனிப்பு கொடுத்தால் சாப்பாட்டோடு மட்டும். படுக்கும் முன் நானே அவனுக்குப் பல் துலக்கிவிடுகிறேன். 7, 8 வயது வரை பெரியவர் கை வேண்டும். ஃபுளோரைடு உள்ள பற்பசை, 3 வயதுக்குள் அரிசியளவு, அதற்கு மேல் பட்டாணியளவு போதும். துலக்கிய பின் தண்ணீர் தவிர வேறெதுவும் இல்லை. மாதம் ஒருமுறை உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறோரம் சுண்ணாம்பு போல வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சொத்தையின் தொடக்கமாக இருக்கலாம். அப்போதே காட்டினால் பல்லைக் காப்பாற்றலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவையும் நினைவில் வையுங்கள்: 2 வயதுக்குள் திரை வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

செலவுக்கு அஞ்சி வலியை மறைக்காதீர்கள். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால், கோட்டை நிலையத்தின் அருகிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அழைத்துப் போக ஆளில்லை என்றால் நம் அலுவலகத்தில் சொல்லுங்கள்.

முதல் வாரம் பேரன் அழுதான். பிறகு ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது என்னைப் பார்த்து, "நன்னா, உங்க போனையும் உள்ளே வெச்சுட்டு வாங்க" என்றான். எழுந்து போய் வைத்துவிட்டு வந்தேன்.

நம் பிள்ளைகளின் நலனை அல்லாஹ் பாதுகாப்பானாக. வஸ்ஸலாம்.