பணம் கொடுக்கும் முன் பென்டிரைவைச் செருகிப் பாருங்கள்

(நமது அறக்கட்டளையின் கல்வி உதவி பெறும் குடும்பங்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடந்த சில மாதங்களாக நம் அலுவலகத்திற்கு வரும் தாய்மார்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "பிள்ளையின் லேப்டாப்பில் ஏதோ எச்சரிக்கை வருகிறது. கடையில் கேட்டால் இது காலாவதி, புதுசு வாங்குங்கள் என்கிறார்கள். வட்டியில்லாக் கடன் கிடைக்குமா?" கடன் தருவதற்காகத்தான் நாம் இருக்கிறோம். ஆனால் தேவையில்லாத கடனை ஒரு குடும்பத்தின் தலையில் ஏற்ற நமக்கு மனமில்லை. அதனால்தான் இன்று இந்தப் பேச்சு.

அந்த எச்சரிக்கை என்ன? விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் வழங்கிவந்த பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றன. பதிவு செய்துகொண்டவர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு தந்தார்கள். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், இன்டெல் பிராசஸராக இருந்தால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அம்சமும் வேண்டும். நம் வீடுகளில் இருக்கும் பல லேப்டாப்புகளில் இவை இல்லை. இயந்திரம் நன்றாகத்தான் ஓடுகிறது. அதற்கான மென்பொருளின் பராமரிப்புதான் நின்றுவிட்டது.

இதற்கு ஒரு வழி லினக்ஸ். இது நமக்குப் புதிதல்ல. தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. அதை உருவாக்கியது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம். பக்கத்து மாநிலமான கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் லினக்ஸில்தான் கணினி பயில்கிறார்கள். உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவை இலவசம். பாடம் படிக்க, பிரௌசரில் வேலை செய்ய, கடிதம் தட்டச்சு செய்ய, நிரல் எழுதப் பழக அவை தாராளமாகப் போதும்.

ஆகவே முதல் வேலை: இருக்கும் லேப்டாப்பையே சோதித்துப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, ராம் நினைவகத்தை 8 ஜிபி ஆக்கினாலே பல பழைய இயந்திரங்கள் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். அதற்கும் வழியில்லை, வேறு லேப்டாப் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், எதை வாங்குவது?

இங்கே நாங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் பயிற்சி வகுப்புக்காக ஒரு கடையில் ஆறு பழைய லேப்டாப்புகள் வாங்கினோம். ஆறும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். ஒன்றில் மட்டும் லினக்ஸைப் போட்டுப் பார்த்தோம், நன்றாக ஓடியது. ஆறுக்கும் பணம் கொடுத்துவிட்டு வந்தோம். வகுப்பு தொடங்கிய அன்று நான்கில் வைஃபை வரவில்லை. திறந்து பார்த்தால், மாடல் ஒன்றுதான், உள்ளே இருந்த வைஃபை சிப் வேறு. அன்று பிள்ளைகளின் செல்போனைக் கேபிளில் இணைத்து இன்டர்நெட் எடுத்துச் சமாளித்தோம். பிறகு நான்கிற்கும் தனியாக யுஎஸ்பி வைஃபை கருவி வாங்கினோம். அது நம் நன்கொடையாளர்கள் பிள்ளைகளின் படிப்புக்கென்று நம்பிக் கொடுத்த பணம். அரை மணி நேரம் பொறுமையாகச் சோதித்திருந்தால் அந்தச் செலவு வந்திருக்காது.

அன்று கற்ற பாடம்தான் இந்த உரையின் தலைப்பு. லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவை 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போங்கள். லேப்டாப்பை ஆன் செய்யும்போது எஃப்12 அல்லது எஃப்9 போன்ற பொத்தானை அழுத்தினால் பென்டிரைவிலிருந்தே அது ஓடத் தொடங்கும். எந்தப் பொத்தான் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 'இன்ஸ்டால்' என்பதை நீங்களாக அழுத்தாதவரை உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. இதைக் கடைக்காரரிடமும் பக்குவமாகச் சொல்லுங்கள். அந்த நிலையில் பாஸ்வேர்டு கேட்டால் கவனம்: அலுவலகங்களிலிருந்து வரும் பழைய இயந்திரங்கள் சிலவற்றில் பழைய நிர்வாகம் போட்ட பூட்டு அப்படியே இருக்கும். கடைக்காரர் அதை நீக்கித் தரும்வரை வாங்காதீர்கள்.

ஓடத் தொடங்கியதும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா? ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா? கேமராவும் மைக்கும் வேலை செய்கின்றனவா? ஆன்லைன் வகுப்புக்கு இவை இரண்டும் உயிர்நாடி. டச்பேட் ஒழுங்காக நகர்கிறதா? மூடியைச் சாத்தித் திறந்தால் விட்ட இடத்திலிருந்து விழித்துக்கொள்கிறதா? சார்ஜரைப் பிடுங்கிவிட்டு இருபது நிமிடம் ஓடவிடுங்கள்; பேட்டரி எத்தனை சதவீதம் இறங்குகிறது என்பது தெரிந்துவிடும். ஒரே மாடலில் இரண்டு வாங்கினால் இரண்டையும் சோதியுங்கள்.

பொதுவாகச் சொன்னால், இன்டெல் வைஃபை உள்ளவை லினக்ஸில் அதிகம் தொல்லை தருவதில்லை. பிராட்காம் சிப் என்றால் தனியாக டிரைவர் ஏற்ற வேண்டியிருக்கும். திரைக்கு இன்டெல் அல்லது ஏஎம்டி கிராபிக்ஸ் போதும். என்விடியா இருந்தால் அதன் டிரைவரைத் தனியாகப் போட வேண்டிவரும். ஸ்நாப்டிராகன் பிராசஸர் கொண்ட புதிய விண்டோஸ் லேப்டாப்புகளை லினக்ஸுக்காக வாங்க வேண்டாம். ராம் 8 ஜிபி, எஸ்எஸ்டி 256 ஜிபி இருக்கட்டும். ராம் போர்டிலேயே ஒட்டியிருக்கிறதா, பின்னால் கூட்ட முடியுமா என்றும் கேளுங்கள்.

இனி இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்கிறோம். லினக்ஸ் எல்லோருக்கும் எல்லா வேலைக்கும் பொருந்தாது. வாப்பாவின் கடைக் கணக்கு டேலியில் இருந்தால், அது விண்டோஸுக்கான மென்பொருள். ஃபோட்டோஷாப்பில் வேலை செய்பவருக்கும் அப்படித்தான். வேர்ட், எக்ஸெல் கோப்புகள் லிப்ரே ஆபீஸில் திறக்கும். ஆனால் அட்டவணையும் படங்களும் நிறைந்த கோப்புகளில் அமைப்பு சற்றுக் கலையலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தேர்வு. நம் உதவியில் படிக்கும் மாணவி ஒருவர் லினக்ஸுக்கு மாறியிருந்தார். வேலைவாய்ப்புக்கான ஆன்லைன் தேர்வு நாளன்று, அதற்குரிய மென்பொருள் விண்டோஸில் மட்டுமே இயங்கும் என்று தெரியவந்தது. அவருடைய உம்மா பக்கத்துத் தெருவில் மாமி வீட்டுக்கு ஓடிப்போய் லேப்டாப் வாங்கிவந்து, கடைசி நேரத்தில் பிள்ளை தேர்வில் உட்கார்ந்தார். அல்ஹம்துலில்லாஹ், எழுதிவிட்டார். ஆனால் அந்தப் பதற்றம் வேறு எந்த வீட்டுக்கும் வரக்கூடாது. ஆகவே மாறுவதற்கு முன் கல்லூரியில் கேளுங்கள்: தேர்வுக்கு எந்த மென்பொருள், அது எதில் ஓடும்?

தெளிவான பதில் கிடைக்காதவர்கள் திரும்பி வர ஒரு வழியை வைத்துக்கொள்ளுங்கள். அதாவது, எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய லேப்டாப்பாக வாங்கி, விண்டோஸ் 11-ஐ அழிக்காமல் பக்கத்திலேயே லினக்ஸைப் போடுங்கள். ஆன் செய்யும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். பிராசஸர் பெயரில் ஐ5-க்கு அடுத்து வரும் எண் 8250 என்றால் எட்டாம் தலைமுறை, 7200 என்றால் ஏழு. தேர்வுக் கவலை இல்லாத, படிப்புக்கும் பயிற்சிக்கும் மட்டும் என்பவர்கள் ஆறாம், ஏழாம் தலைமுறையையே குறைந்த விலையில் வாங்கலாம். விண்டோஸ் 11 ஏறாது என்பதால் விலை இறங்கிய அந்த இயந்திரங்கள் லினக்ஸுக்கு நன்றாகவே பயன்படும்.

மாற்றத் தொடங்கும் முன் இரண்டு காரியம் மறக்காதீர்கள். சான்றிதழ்கள், குடும்பப் படங்கள், பாடக் குறிப்புகள் அனைத்தையும் வேறொரு டிஸ்க்கில் நகலெடுங்கள். விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்புச் சாவி எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள்.

நம் அலுவலகத்தில் லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவுகள் உள்ளன. கடைக்குப் போகும் முன் வந்து ஒன்றை வாங்கிச் செல்லுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நம் பயிற்சி வகுப்புப் பிள்ளைகள் வருவார்கள். கடன் விண்ணப்பம் தருபவர்களிடமும் இனி நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்தீர்களா?" என்பதுதான். அதைச் சோதித்துப் பார்த்து, முடியாது என்று தெரிந்தபின் இன்ஷா அல்லாஹ் கடனுக்கு ஆவன செய்வோம்.