பிள்ளைகளின் நீதிபதி

(மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



நீதி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் எல்லோருக்கும் நினைவில் வருவது ஆராய்ச்சி மணி. கன்றை இழந்த பசு கயிற்றை இழுக்கின்றது, மணி ஒலிக்கின்றது, அரசன் தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இடுகின்றான். திருவாரூரில் நடந்ததாகப் பெரியபுராணம் பாடும் இக்கதையை அநுராதபுரத்திலிருந்து ஆண்ட எல்லாளன்மேல் ஏற்றி மகாவமிசமும் சொல்கின்றது. அரசன் மகனுக்கும் அடியவன் மகனுக்கும் நீதி ஒன்றே என்பதை இதைவிட அழுத்தமாகச் சொன்ன கதை வேறில்லை.

ஆனால் அக்கதையிலே நாம் அதிகம் கவனியாத ஒருவன் இருக்கின்றான். தேரோட்டிச் சென்ற அந்த இளவரசனே அவன். அவன் இளைஞன், வேண்டுமென்று கொன்றவனல்லன். அவனைக் கேட்டவர் யார்? அவன் மனம் என்ன பட்டது என்று ஆராய்ந்தவர் யார்? கதையில் இறைவன் தோன்றிக் கன்றையும் மகனையும் எழுப்பித் தருகின்றான். நம் ஊர் நீதிமன்றங்களில் அப்படி எழுப்பித் தருவாரில்லை. இளம்பிள்ளை ஒருவனை ஒருமுறை தேர்க்காலில் இட்டுவிட்டால் இட்டதுதான். ஆகவே இளையவர் செய்யும் குற்றத்திற்கு எது நீதி என்ற கேள்வியை மனிதரே விடுவிக்க வேண்டியிருக்கின்றது. அதற்காகவே வாழ்நாள் முழுவதையும் கொடுத்த ஒரு நீதிபதியைப் பற்றி இன்று பேச விரும்புகின்றேன். அவர் பெயர் பென் லிண்ட்சி. ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் நீதிபதியாக இருந்தவர்.

லிண்ட்சி 1869ஆம் ஆண்டில் தெனசி மாநிலத்து ஜாக்சன் என்னும் ஊரிற் பிறந்தார். குடும்பம் டென்வருக்குக் குடிபெயர்ந்தது. அவருக்குப் பதினெட்டு வயதளவில் தந்தை தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். தாயையும் இளைய சகோதரரையும் தாங்கும் பாரம் அவர் தோளில் விழுந்தது. காலையிற் பத்திரிகை விநியோகம், பகலில் நியாயவாதி ஒருவரின் கந்தோரில் எடுபிடி வேலை, இரவிற் கட்டடம் கூட்டும் வேலை என்று மூன்று தொழில் பார்த்துக்கொண்டு சட்டம் படித்தார். பத்தொன்பதாம் வயதில் மனமுடைந்து தம்மைத் தாமே சுட்டுக்கொள்ள முயன்றதையும், துப்பாக்கி வெடியாமற் போனதால் உயிர் தப்பியதையும் பின்னாளில் அவர் மறைக்காமல் எழுதியுள்ளார். பிற்காலத்தில் தம் முன்னே நின்ற ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் நெருக்கடி அவருக்கு ஏட்டுப் படிப்பால் வந்த அறிவன்று என்பதை இதிலிருந்து உணரலாம்.

1894இல் அவர் நியாயவாதியானார். இரண்டு குற்றவாளிகளுக்காக வாதிடும்படி நீதிமன்றம் ஒருமுறை அவரைப் பணித்தது. மறியற்சாலைக்குச் சென்று பார்த்தால், அவர்கள் இருவரும் சிறுவர்கள். வளர்ந்த திருடர்களோடு ஒரே அறையில் அடைபட்டு, அவர்களோடு சேர்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். திருட்டைத் தடுக்க அரசு கட்டிய வீடு, அரசின் செலவிலே திருட்டைக் கற்பிக்கும் பள்ளிக்கூடமாக இருப்பதை அன்று கண்டார்.

1901ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் டென்வர் மாவட்ட நீதிபதியானார். பதவியேற்றுச் சில காலத்துள் வந்த வழக்கு ஒன்று அவர் வாழ்க்கையையே திருப்பிவிட்டது. புகையிரதப் பாதையோரத்தில் நிலக்கரி திருடிய ஒரு பையனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சாட்சியம் தெளிவு, சட்டமும் தெளிவு. சீர்திருத்தப் பாடசாலைக்கு அனுப்பும்படி தீர்ப்பளித்தார். உடனே மன்றின் பின்புறத்திலிருந்து ஒரு பெண்ணின் அலறல் எழுந்தது. பையனின் தாய் சுவரில் தலையை மோதிக்கொண்டு கதறினாள். அந்த ஓலம் நீதிபதியைக் கலக்கிவிட்டது. தீர்ப்பை நிறுத்திவைத்து, அன்றிரவே அந்தப் பையனின் வீட்டைத் தேடிப் போனார். இரண்டே அறைகொண்ட குடிசை. தந்தை உலோகம் உருக்கும் ஆலையில் ஈயநஞ்சு ஏறிப் படுக்கையிற் கிடந்தார். குளிருக்கு அடுப்பெரிக்கக் கரி இல்லை. பையன் திருடியது அந்தக் கரியைத்தான்.

தோழர்களே, அந்தப் பையன் குற்றம் செய்யவில்லை என்று லிண்ட்சி சொல்லவில்லை. “என்ன செய்தான்?” என்பது மட்டும் கேள்வியாக இருந்த மன்றில், “ஏன் செய்தான்? இனி என்ன செய்தால் மறுபடி செய்யமாட்டான்?” என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக்கொண்டார். உலகத்தின் இளையோர் நீதிமன்றங்களெல்லாம் இந்த இரண்டு கேள்விகளிலிருந்து பிறந்தவையே.

அத்தகைய மன்றம் அமெரிக்காவிலே முதன்முதலாக 1899 யூலையில் சிக்காகோ நகரில் தோன்றியிருந்தது. கொலராடோவில் அப்படி ஒரு சட்டம் அப்போது இல்லை. ஆனால் பள்ளிக்கு ஒழுங்காக வராத பிள்ளைகளைப் பற்றி 1899இல் இயற்றிய பாடசாலைச் சட்டம் ஒன்று இருந்தது. லிண்ட்சி அதைத் தேடியெடுத்து, அதன்கீழ்ப் பிள்ளைகளின் வழக்குகளைத் தம்மிடம் கொண்டுவரச் செய்தார். பழைய சட்டத்தைக் கொண்டே புதிய மன்றத்தை நடத்திக் காட்டிய பின்னர்தான் 1903இல் புதிய சட்டங்கள் நிறைவேறின. அச்சட்டங்கள் எளிதில் வரவில்லை. மறியற்சாலையிற் பிள்ளைகள் படும் கொடுமையை அவர் வெளியிட்டபோது பொலிஸ் தரப்பார் மறுத்தனர். ஆளுநரையும் நகரத்துப் பெரியவர்களையும் சமயகுருமாரையும் தம் அறைக்கு அழைத்து, சிறை கண்ட பையன்கள் வாயாலேயே நடந்தவற்றைச் சொல்லச் செய்தார். அதன்பின் மறுக்க ஒருவருக்கும் நாவெழவில்லை.

அம்மன்றில் நடந்த முறையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். சனிக்கிழமைக் காலைகளில் நன்னடத்தைப் பிணையிலுள்ள பையன்கள், ஆசிரியர் எழுதிய அறிக்கையைக் கையிற் கொண்டு அவர் முன் வருவார்கள். அவர் உயர்ந்த பீடத்திலிருந்து பேசாமல் அவர்கள் நடுவே இருந்து, ஒவ்வொருவரின் அறிக்கையையும் வாசித்து, நன்றாயிருந்தால் எல்லோரும் கேட்கப் புகழ்வார். கூட்டாளியைக் காட்டிக்கொடு என்று எந்தப் பையனையும் அவர் வற்புறுத்தியதில்லை. “நீ போய் அவனிடம் பேசு, அவனே வரட்டும்” என்பதுபோற் சொல்லி அனுப்புவார். காட்டிக்கொடுப்பது இழிவு என்ற பையன்களின் தர்மத்தை அவர் உடைக்கவில்லை. அந்தத் தர்மத்தைக்கொண்டே அவர்களை உண்மைக்கு அழைத்துவந்தார்.

இதிலும் வியப்பானது, சீர்திருத்தப் பாடசாலைக்கு அனுப்பவேண்டிய பையன்களை அவர் அனுப்பிய விதம். அப்பாடசாலை கோல்டன் என்ற ஊரில் இருந்தது. கைவிலங்கும் காவலரும் இல்லாமல், பையன் கையிலேயே அவனை அடைக்கும் உத்தரவைக் கொடுத்து, வண்டிக்காசும் கொடுத்து, “நீயாகவே போய்ச் சேர்” என்று அனுப்பினார். ஓடிப்போவார்கள் என்று பொலிசார் நகைத்தனர். போய்ச்சேராதவர் மிகச் சிலரே. தன்னை ஒருவரும் நம்பியறியாத பையனுக்கு, ஒருவர் நம்பினார் என்பதே காவலாக நின்றது.

அவர் முயற்சியால் வந்த மற்றொரு சட்டத்தைப் பெரியோர்கள் கூர்ந்து கேட்கவேண்டும். பிள்ளையொன்று கெட்டுப்போவதற்குக் காரணமாயிருந்த பெரியவரைத் தண்டிக்கலாம் என்று கொலராடோ 1903இற் சட்டம் செய்தது. பிள்ளைக்குச் சாராயம் விற்றவனும், திருட்டுப்பொருளைப் பிள்ளையிடம் வாங்கியவனும், பாராமுகமாயிருந்த பெற்றோரும் மன்றுக்கு வரவேண்டியவராயினர். பிள்ளைகள் தனியே கெடுவதில்லை என்ற உண்மைக்கு அந்நாட்டிற் சட்டத்தின் வலு அப்போதுதான் கிடைத்தது.

நம்பிக்கையைப் பற்றி அவர் பேசியது வாய்ப்பேச்சன்று. 1915இல் ஒரு கொலைவழக்கு நடந்தது. தாய் தந்தையைக் கொன்றாள் என்பது குற்றச்சாட்டு. அவர்களுடைய மகன் அந்தரங்கமாகத் தம்மிடம் சொன்னதை வெளியிடும்படி நீதிமன்றம் லிண்ட்சிக்குக் கட்டளையிட்டது. அவர் மறுத்தார். நீதிபதியாகிய அவருக்கே நீதிமன்றம் 500 டொலர் அபராதம் விதித்தது. மேல்மன்றமும் அதை உறுதிசெய்தது. ஒரு பையனுக்குக் கொடுத்த வாக்கைச் சட்டத்தின் கட்டளைக்கு எதிராகக் காப்பது சரியா? என் சட்டத்துறை நண்பர்கள் சரியல்ல என்பார்கள். அவர்கள் பக்கமும் நியாயமுண்டு. ஆனால் அன்று அவர் வாய்திறந்திருந்தால் அதன்பின் டென்வரில் எந்தப் பிள்ளையும் அவரிடம் வாய்திறந்திராது.

இனி அவர் வீழ்ச்சியையும் சொல்லியாகவேண்டும். நகரத்துச் செல்வக் கம்பனிகளும் அரசியல்வாதிகளும் சேர்ந்து ஆட்சியை வளைத்திருந்ததை 1910இல் நூலாக எழுதிப் பகை தேடிக்கொண்டார். 1920களிற் கொலராடோவில் வலுப்பெற்ற கூ குளுக்ஸ் கிளான் என்னும் வெறிக்கூட்டத்தை எதிர்த்து நின்றார். 1924ஆம் ஆண்டுத் தேர்தலில் மிகச் சிறிய வாக்குகளால் வென்றும், அதன்மேல் எழுந்த வழக்கால் 1927இற் பதவி இழந்தார். அவ்வாண்டில் அவர் செய்த காரியம் ஒன்று உண்டு. இருபத்தாறு ஆண்டுகளாகப் பிள்ளைகளும் பெண்களும் குடும்பங்களும் தம்மை நம்பிச் சொன்ன அந்தரங்கங்களின் குறிப்புகளையெல்லாம், பகைவர் கையிற் படாதபடி, தீயிட்டு எரித்தார்.

அதே 1927இல் அவர் வெளியிட்ட நூல் ஒன்று திருமணத்தைப் பற்றியது. பிள்ளையில்லாத தம்பதிகள் இருவரும் இணங்கினால் எளிதிற் பிரியலாம், பிள்ளைப்பேற்றைத் தள்ளிவைக்கும் அறிவை எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று அதில் எழுதினார். பெரியோர்கள் முகஞ்சுளிப்பது தெரிகின்றது. அந்நாட்டுக் குருமாரும் அவ்வாறே சுளித்தனர். அவர் கருத்தை இங்கே ஆதரிக்க நான் எழவில்லை. ஆனால் பிள்ளை பிறந்த குடும்பத்தை அவர் வேறாகவே வைத்தார் என்பதைக் கவனியுங்கள். பிள்ளை வந்தபின் திருமணம் இருவருக்கு மட்டும் உரியதன்று. மூன்றாமவர் ஒருவரின் வாழ்வும் அதிலே தொங்குகின்றது என்பதே அவர் நினைவு.

பதவியிலிருந்தபோது ஒரு வழக்கிற் பணம் பெற்றார் என்று 1929இற் கொலராடோவில் அவருடைய வழக்குரிமை பறிக்கப்பட்டது. 1935இல் திருப்பிக் கொடுக்கப்பட்டது. இதற்குள் அவர் கலிபோணியாவுக்குச் சென்று, 1934இல் லொஸ் ஏஞ்சலிஸ் மேல்நீதிமன்றத்துக்குத் தெரிவாகிவிட்டார். அறுபத்தைந்து வயதை எட்டியவர் அங்கும் ஓய்ந்திருக்கவில்லை. பிள்ளைகளின் நன்மைக்காகக் கணவன் மனைவியரை இணக்கும் மன்றம் ஒன்றை அமைக்கும் சட்டம் அவர் முயற்சியால் 1939இல் நிறைவேறியது. மணமுறிவு கேட்டு வழக்கிடுமுன் ஒருவர் அம்மன்றை நாடலாம். நீதிபதி இருவரையும் தனியறையில் இருத்திப் பேசுவார். பேசியது வெளியே போகாது. 1943 மார்ச் மாதம் இறக்கும்வரை அவர் அந்தப் பணியிலேயே இருந்தார். பையன்களின் வழக்கிலே தொடங்கியவர் பெற்றோரின் வழக்கிலே வந்து முடித்தது தற்செயலன்று. நதியின் கலங்கலைத் தேடி ஊற்றுவரை நடந்தவர் அவர்.

இவ்வளவும் கேட்டபின், ‘நல்ல நீதிபதி இருந்தாற் போதும், சட்டம் எதற்கு?’ என்று தோன்றலாம். அங்கேதான் ஆபத்து இருக்கின்றது. அன்புள்ள மன்றத்துக்கு வழக்கறிஞர் வேண்டாம், முறைப்படி சாட்சியம் வேண்டாம் என்ற எண்ணம் அமெரிக்கா முழுவதும் பரவியது. லிண்ட்சிகள் எல்லா ஊரிலும் பிறப்பார்களா? 1964இல் அரிசோனா மாநிலத்திற் பதினைந்து வயதுப் பையன் ஒருவன், அயல்வீட்டுப் பெண்ணிடம் தொலைபேசியில் அருவருப்பாகப் பேசினான் என்று பிடிக்கப்பட்டான். பெற்றோருக்கு அறிவிக்கவில்லை, முறையிட்ட பெண் மன்றுக்கு வரவில்லை, வழக்கறிஞர் இல்லை. இருபத்தொரு வயதுவரை அடைத்துவைக்கலாம் என்று தீர்ப்பாயிற்று. அதே குற்றத்தை வளர்ந்தவன் செய்தால் அதிகமாய்க் கிடைப்பது 50 டொலர் அபராதம் அல்லது இரண்டு மாத மறியல். 1967இல் அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் இத்தீர்ப்பைத் தள்ளி, குற்றச்சாட்டை அறியும் உரிமையும், வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமையும், சாட்சியைக் குறுக்குக் கேள்வி கேட்கும் உரிமையும், தனக்கெதிராகத் தானே பேசாதிருக்கும் உரிமையும் பிள்ளைகளுக்கும் உண்டு என்றது.

எனவே லிண்ட்சியிடமிருந்து அன்பையும், 1967ஆம் ஆண்டுத் தீர்ப்பிலிருந்து முறையையும் ஒருங்கே எடுத்துக்கொள்ளவேண்டும். முறையில்லாத அன்பு ஒருவர் மனநிலையோடு மாறும். அன்பில்லாத முறையோ அந்த முதல் நாள் தீர்ப்பைப்போல, ஒரு தாயைச் சுவரில் மோதவைக்கும்.

நம் நாட்டுக்கும் அந்த அலை வந்தது. ஆங்கிலேயச் சட்டத்தைத் தழுவி 1939இல் சிறுவர் இளைஞர் கட்டளைச்சட்டமும், 1944இல் நன்னடத்தைக் கட்டளைச்சட்டமும் இங்கே இயற்றப்பட்டன. எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைமட்டுமே குற்றப்பொறுப்பற்றது என்றிருந்த பழைய தண்டனைச் சட்டக்கோவை 2018இல் திருத்தப்பட்டு, அவ்வயது பன்னிரண்டாக உயர்ந்தது. எழுத்திலே இவ்வளவும் உண்டு. ஆனால் பிள்ளைக்கு முதல் வழக்கு மன்றில் நடப்பதில்லை. மாங்காய்க்குக் கல்லெறிந்தவனையும் கடையிற் கைவைத்தவனையும் முதலில் விசாரிப்பது நம் ஒழுங்கைகளும் நம் வீட்டு விறாந்தைகளுமே. அங்கே நீதிபதிகள் நாம்தான். “கள்ளன் மகன்” என்று நாம் வைக்கும் ஒரு பெயர், எந்த நீதவானின் தீர்ப்பையும்விட நீண்டகாலம் அவனைக் கட்டிப்போடும்.

பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை பிழை செய்தான் என்று உங்கள்முன் கொண்டுவந்து நிறுத்தும்போது, கையோங்குமுன் அவன் வீட்டுப் படலை ஒருமுறை திறந்து பாருங்கள். தோழர்களே, உங்களிடமும் ஒன்று. மறியல் கண்டு திரும்பிய பையனொருவன் நம் மன்றத்து வாசலில் வந்து நின்றால், பந்தாட்டத்துக்கு ஆள் நிறைந்துவிட்டது என்று சொல்லாதீர்கள். வாசிகசாலைத் திறப்பை ஒருநாள் அவன் கையிற் கொடுத்துப் பாருங்கள்.