மேனிலை வகுப்பில் மின்னணுவியல்: சொல்லும் சுற்றும்



இராசபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழப் பன்னிரண்டு கிலோமீட்டரே. எனினும் ஆண்டாளின் வரலாறு கிருட்டிணதேவராயரின் தெலுங்குக் காப்பியமாகி, அக்காப்பியம் மீண்டும் தமிழுக்கு வந்து சேர நூற்றாண்டுகள் பல ஆயின. ‘ஆமுக்த மால்யத’வைத் தமிழாக்கியவர் இராசபாளையத்துப் பன்மொழிப் புலவர் மு. கு. ஜகந்நாத ராஜா. அதற்காக 1989ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்பு விருதையும் பெற்றார். மொழிபெயர்ப்பைப் பெருமையாகக் கருதும் இம்மண்ணில், இன்னும் முற்றுப்பெறாத ஒரு மொழிபெயர்ப்பு நாள்தோறும் நடந்துவருகிறது. அது பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் பாடவேளையில் நடப்பது. அங்கே ஆசிரியர் கரும்பலகையில் குறைகடத்தியைப் பற்றி எழுதுகிறார். நூற்பாலைத் தொழிலாளியின் மகளும் விசைத்தறிக்காரரின் மகனும் அதனை ஏட்டில் படியெடுக்கின்றனர்.

அம்மாணவர்க்குச் சிலிக்கன் புதிது. அதனை விளக்க வந்த தமிழும் புதிது. இரண்டு புதுமைகளை ஒருசேரச் சுமக்க நேர்வதே அவர்தம் இடர்ப்பாடு. ‘சார்பு’ என்னும் சொல்லை நோக்குக. கணக்கு வகுப்பில் அச்சொல் ஓர் எண்ணுக்கு மற்றோர் எண்ணை இணைக்கும் விதியைக் குறிக்கும். அடுத்த மணி அடித்ததும் இயற்பியலில் ‘முன்னோக்குச் சார்பு’, ‘பின்னோக்குச் சார்பு’ என வந்து, டையோடுக்கு மின்கலத்தை இணைக்கும் முறையைக் குறிக்கும். தமிழ் வகுப்பிலோ சார்பெழுத்து. ஒரே நாளில் மூன்று பொருள்களில் வரும் சொல்லை மாணவர் பொருளறிந்து கற்பதில்லை, மனப்பாடம் செய்துவிடுகின்றனர். தேர்வில் வரையறை பிழையின்றி வரும். அதே மாணவர் கையில் ஒன்பது வோல்ட் மின்கலத்தையும், 470 ஓம் மின்தடையையும், சிவப்பு ஒளியுமிழ் டையோடையும் கொடுத்தால் விளக்கு எரிவது ஐயமே. டையோடைத் திருப்பிப் பொருத்தினால் எரியாது என்பதே அவ்வரையறையின் முழுப்பொருள். ஒரு முறை கண்ணால் கண்டுவிட்டால் ‘முன்னோக்கு’ என்பதற்கு வேறு உரை வேண்டா.

சொல் தேடி அலைந்தவர் நாம் மட்டும் அல்லர். 1834இல் மைக்கேல் பாரடே மின்பகுப்பு ஆய்வுக்குரிய சொற்கள் வேண்டிக் கேம்பிரிட்சு அறிஞர் வில்லியம் ஹ்யூவெலுக்கு மடல் எழுதினார். அவரோ கிரேக்கம் கற்றவர். மாணவப் பருவத்தில் கவிதைக்குப் பதக்கம் பெற்றவர். ஆனோடு, கேதோடு, அயனி என்பன அம்மடற்போக்குவரத்தில் பிறந்தவை. 1947 டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான கருவிக்கு ‘டிரான்சிஸ்டர்’ என்று பெயர் சூட்டிய ஜான் பியர்சும் புனைபெயரில் அறிவியற் கதைகள் எழுதியவர். ஆக, ஆங்கிலத்திலும் அறிவியலார் சொல்லை நாடிச் சொல்லறிந்தாரிடம் சென்றனர் என்பது இக்கழகத்தார் கருதத்தக்கது. டிரான்சிஸ்டர் ஆங்கிலத்திலும் ஆக்கிக்கொண்ட சொல்லேயாதலின், அதனை அவ்வாறே ஏற்பதில் இழுக்கில்லை. அதன் உறுப்புகளுக்கு உமிழ்ப்பான், அடிவாய், ஏற்பான் எனத் தமிழ்ப் பாடநூல் தந்துள்ள பெயர்கள் நன்றாகவே அமைந்துள்ளன. உமிழ்வது எது, ஏற்பது எது என்பது சொல்லிலேயே விளங்கும். இலங்கைத் தமிழர் டையோடை ‘இருவாயி’ என்பர். நம் சொல்லினும் அதுவே அழகிது.

‘மாசு’ என்னும் சொல்லோ முதலில் திகைக்கச் செய்யும். மாசு நீக்குதல்தானே நம் மரபு. இங்கோ தூய சிலிக்கனில் வேண்டுமென்றே மாசூட்டுகிறார்கள். சிலிக்கன் அணுவின் புறச்சுற்றில் எலக்ட்ரான்கள் நான்கு. ஐந்துடைய பாஸ்பரசைச் சேர்த்தால் ஒன்று மிகும். மூன்றுடைய போரானைச் சேர்த்தால் ஒன்று குறைந்து துளை தோன்றும். கோடி அணுவுக்கு ஒன்று என்னும் அளவே போதும், மின்கடத்தும் திறன் பன்மடங்காகும். இந்த முரணை ஆசிரியர் வகுப்பில் மறைக்காமல் எடுத்துக்காட்டினால் மாணவர் மறக்கமாட்டார். அவ்வாறே, அடிவாயில் பாயும் சிறு மின்னோட்டம் ஏற்பானின் பெருமின்னோட்டத்தை ஆள்வதை விளக்க இவ்வூர்க் கண்மாய்களின் மடை ஒன்று போதும். பலகையைத் தூக்கும் கைவலிமை சிறிது. பாயும் நீர் பெரிது.

இனித் தருக்க வாயில்கள். இரண்டு உள்ளீடுகள், ஒவ்வொன்றும் 0 அல்லது 1, ஆக நான்கு நிலைகள். இவ்வட்டவணை கண்டு மாணவர் மருள்கின்றனர். ஆனால் அவர்களே தமிழ் வகுப்பில் நேர், நிரை என்னும் இரண்டே அசைகளைக் கொண்டு தேமா, கூவிளம், புளிமா, கருவிளம் என நான்கு சீர் கண்டவர்கள். நேரைச் சுழி என்றும் நிரையை ஒன்று என்றும் கொள்வோமாயின் அட்டவணை ஆயத்தமாக இருக்கிறது. ‘உம்’ வாயிலில் கருவிளம் மட்டுமே ஒன்று தரும். ‘அல்லது’ வாயிலில் தேமா ஒன்றே சுழி தரும். உள்ளீடு மூன்றானால் எட்டு நிலைகள்: காய்ச்சீர் நான்கு, கனிச்சீர் நான்கு. நான்கானால் பதினாறு: பூவும் நிழலும். எண்ணும்மை கற்ற மாணவருக்கு ‘இதுவும் அதுவும்’ என்னும் வாயில் புதிதன்று. இதனால் பண்டைத் தமிழர் கணிப்பொறி அறிந்திருந்தனர் என்று மேடை முழங்குவோர் உளர். அது வீண் ஆரவாரம். தமிழாசிரியர் கற்பித்துவிட்ட ஒன்றை இயற்பியலாசிரியர் பயன்கொள்ளலாம் என்பதே இங்குக் கூறப்படுவது. இரு துறையினரும் ஓய்வறையில் ஒரே மேசையில் அமர்ந்தும் இதனைப் பேசிக்கொள்வதில்லை.

நூற்பாலையும் ஓர் ஆய்வுக்கூடமே. நூலைக் கண்டில் சுற்றும் தானியங்கி எந்திரத்தில் நூலின் பருமனை ஒவ்வொரு கணமும் அளக்கும் உணரி உண்டு. ஒளியின் குறுக்கே ஓடும் நூல் தடித்தால் நிழல் கூடும். ஒளியுணர் டையோடின் மின்னோட்டம் குறையும். அவ்விடம் அறுபட்டு மீண்டும் இணைக்கப்படும். இவ்வகை எந்திரத்தருகே நாள்தோறும் நிற்கும் தாயின் மகள், ‘ஒளி டையோடு’ என்ற தலைப்பை யாரோ ஒருவருடைய அறிவாக எண்ணிப் படிக்கிறாள்.

பள்ளிக்குப் பின் இம்மாணவர் செல்லுமிடமும் எண்ணத்தக்கது. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியபோது கட்டடவியலும் எந்திரவியலுமே இடம்பெற்றன, மின்னணுவியல் இடம்பெறவில்லை. ஆகவே, கருத்தைத் தமிழில் ஊன்றி, ஆங்கிலப் பெயரையும் உடன் சொல்லித் தருவதே நேர்மை. ஒன்றைமட்டும் கற்பிப்பது, மொழிப்பற்றின் பெயராலாயினும், மாணவரை முதலாண்டுக் கல்லூரி வகுப்பில் ஊமையாக்குவதாகும்.

நிறைவாகக் கவிஞர்க்கு ஒரு வேண்டுகோள். மின்தடையின் மதிப்பை அதன்மேலுள்ள வண்ணப் பட்டைகள் காட்டும். மஞ்சள், ஊதா, பழுப்பு எனில் 470 ஓம். இவ்வரிசையை நினைவிற்கொள்ளத் தமிழ்வழி மாணவரும் கிரேட் பிரிட்டனின் பி. பி. ராயையும் அவர் மனைவியையும் பற்றிய ஆங்கிலத் தொடரையே உருப்போடுகின்றனர். காரிகையின் செய்யுள்களை நினைவூட்ட முதனினைப்புக் காரிகை செய்த மொழி நம்முடையது. சுழி முதல் ஒன்பது வரை வண்ணங்கள் இவை: கருப்பு, பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா, சாம்பல், வெள்ளை. ஆங்கிலத்தில் மூன்று வண்ணங்கள் ஒரே எழுத்தில் தொடங்கி மயக்கும். தமிழில் பகரம் மட்டுமே இருமுறை வரும். குறளின் ஏழு சீரில் இப்பத்தும் அடங்கா. சிந்தியல் வெண்பாவிற்குச் சீர் பதினொன்று. சீருக்கொரு வண்ணமாக முதலெழுத்து வரிசை மாறாமல் வைத்தால் ஒரு சீர் எஞ்சும். அதில் மின்தடையின் பெயரை வைத்துக்கொள்ளலாம்.