புதிய பதிப்பு எப்போது வரவேண்டும்?



கைபேசியில் சில செயலிகள் வாராவாரம் புதுப்பிக்கச் சொல்கின்றன. சில, மாதக்கணக்கில் வாய் திறப்பதில்லை. இந்தக் கால இடைவெளியை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? ஃபயர்ஃபாக்ஸ் உலாவி கடந்துவந்த பாதையைப் பார்த்தால் புரியும்.

அதன் 3.6ஆம் பதிப்பு 2010 ஜனவரியில் வந்தது. 4ஆம் பதிப்புக்கு 2011 மார்ச் வரை, பதினான்கு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. இப்படி இடைவெளி நீளும்போது, முடிந்த வேலை முடியாத வேலைக்காகக் காத்துக் கிடக்கும். இதை விட்டால் இன்னும் ஒரு வருடம் ஆகுமே என்று அரைகுறை வேலையையும் உள்ளே திணிக்கத் தோன்றும். அத்தனையும் ஒரே மூட்டையாக வந்து இறங்கும்போது, பிழை எதனால் வந்தது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

அதனால் 2011இல் ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மோசில்லா ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்பு என்று மாறியது. குறித்த நேரத்தில் கிளம்பும் பேருந்து மாதிரி. தயாராகாதவர் அடுத்த வண்டியில் வரலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஜூனில் 5ஆம் பதிப்பு, டிசம்பரிலேயே 9ஆம் பதிப்பு என்றால் அலுவலகங்கள் என்ன செய்யும்? தங்கள் உள் மென்பொருள் புதிய உலாவியில் ஓடுகிறதா என்று சோதித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்து நின்றது. பதிப்பு எண் மாறியதாலேயே, உலாவியோடு பயனர்கள் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்கள் பல முடங்கின.

2012 ஜனவரியில் 10ஆம் பதிப்போடு தீர்வு வந்தது. துணை நிரல்கள் பொருந்தும் என்றே இனி உலாவி எடுத்துக்கொள்ளும். நிறுவனங்களுக்கோ தனிப் பதிப்பு: ஏறத்தாழ ஒரு வருடம் புது வசதி எதுவும் சேராது, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். உருவாக்குபவரின் வேகத்தையும் பயன்படுத்துபவரின் வேகத்தையும் பிரித்து வைத்த இந்த முடிவுதான், என் பார்வையில், முதல் தரமானது. பொதுப் பதிப்போ 2020 முதல் நான்கு வாரத்துக்கு ஒன்றானது.

ஆனால் அவசரப் பாதுகாப்புத் திருத்தத்துக்கு இப்படி அட்டவணை பார்க்க முடியாது. அதையும் முதலில் சிலருக்கு அனுப்பிப் பார்த்துவிட்டே எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ஒரு பிழையான கோப்பை ஒரே வீச்சில் அனுப்பியது. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டன, விமானங்கள் ரத்தாயின.

மென்பொருள் குழுவில் இருக்கும் இளைஞர்களே, வெளியீட்டுத் தேதியைக் குறிக்கும் முன், சோதித்துப் பார்க்க எத்தனை நாள் வேண்டும் என்று உங்கள் பயனர்களைக் கேளுங்கள்.