தரவுத்தளமும் தேடுவோர் கடமையும்: கறுப்பர் வரலாற்று ஆய்வை முன்வைத்து



நூல்களையும் மாணவர்களையும் ஒருசேர நேசித்த ஓர் ஆசிரியரின் நினைவாக நடைபெறும் சொற்பொழிவு இது. ஆகவே நூலகத்தைப் பற்றியே பேச விழைகிறேன். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர்களான டோனி மாரிசனையும் ஆலிஸ் வாக்கரையும் ஆய்வுப் பொருளாகக் கொள்ளும் மாணவர்கள் நம் ஆங்கிலத் துறைகளில் பலர் உண்டு. அவர்கள் கையில் தரவுத்தளங்களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்துவிடலாம். ஆனால் அதற்கு முன் அவர்கள் அறிய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒவ்வோர் ஆவணத்தையும் யாரோ ஒருவர் எழுதியிருக்கிறார். வேறொருவர் அதற்குத் தலைப்பிட்டு அடுக்கியிருக்கிறார். இவ்விருவரையும் கருத்தில் கொள்ளாமல் தேடினால் சான்று அரைகுறையாகவே கிடைக்கும்.

1. சேர்த்தவரும் அடுக்கியவரும்

ஆர்தூரோ ஷோம்பர்க் 1874-இல் புவெர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். நியூயார்க் வங்கியொன்றில் வேலை பார்த்துக்கொண்டே, கறுப்பர் எழுதிய நூல்களையும் கையெழுத்துப் படிகளையும் படங்களையும் தேடித்தேடிச் சேர்த்தார். கறுப்பருக்கு வரலாறே இல்லை என்று சொன்னவர்களுக்கு அவர் அளித்த விடை அந்தச் சேகரம். 1926-இல் கார்னெகி அறநிறுவனம் தந்த 10,000 டாலரைக் கொண்டு நியூயார்க் பொது நூலகம் அதை வாங்கி, ஹார்லெம் 135ஆம் தெருக் கிளையில் வைத்தது. இன்று உலகெங்கும் அறியப்பட்ட ஷோம்பர்க் ஆய்வு மையம் அதிலிருந்து வளர்ந்ததே.

வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் கறுப்பர் நூல் சேகரத்தை 1930 முதல் 1973 வரை பேணி வளர்த்தவர் டோரதி போர்ட்டர். நூல்களை எண்களால் வகைப்படுத்தும் டூயி பகுப்பு முறையைப் பின்பற்றிய நூலகங்கள் கறுப்பர் நூல்களை 325, 326 என்ற இரண்டு எண்களில் அடைத்து வைத்திருப்பதை அவர் கண்டார். 325 குடியேற்றத்துக்கு உரியது. 326 அடிமை முறைக்கு உரியது. கவிஞர் ஒருவரின் கவிதை நூல்கூடக் கறுப்பர் எழுதியது என்பதற்காகவே குடியேற்றத்தின் கீழ் வைக்கப்பட்டது. போர்ட்டர் அந்த அடுக்கைக் கலைத்தார். கவிதையைக் கவிதையோடும் இசையை இசையோடும் வைத்தார். அடிமைகளாகவோ வந்தேறிகளாகவோ மட்டுமே காட்டப்பட்ட மக்கள் கவிஞர்களாக, அறிஞர்களாக, இசைவாணர்களாக அந்த அலமாரிகளில் தம் இடத்தைப் பெற்றார்கள்.

1968 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரி மாணவர்கள் கறுப்பர் ஆய்வுத் துறை கேட்டுத் தொடங்கிய வேலைநிறுத்தம் 1969 மார்ச் வரை நீடித்தது, துறையும் உருவானது. அப்படி உருவான துறைகளுக்குப் படிக்கவும் ஆராயவும் சான்றுகள் இருந்தன என்றால், அதற்கு ஷோம்பர்க், போர்ட்டர் போன்றோரின் பல்லாண்டு உழைப்பே காரணம்.

2. ஒரு மூதாட்டி, இரண்டு வாக்குமூலங்கள்

1936 முதல் 1938 வரை, அமெரிக்கக் கூட்டரசின் எழுத்தாளர் திட்டத்தினர், அடிமை முறையில் வாழ்ந்து அப்போது முதுமை எய்தியிருந்தவர்களை நேர்கண்டனர். 2,300-க்கும் மேற்பட்ட அந்த வாக்குமூலங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் வாழ்ந்த ஒரு மூதாட்டியை இரண்டு பேர் தனித்தனியே நேர்கண்டார்கள். ஒருவர் வெள்ளையினப் பெண்மணி. வந்தவர் உதவித்தொகை அலுவலகத்தைச் சேர்ந்தவர் என்று மூதாட்டி எண்ணினார்; தம் பழைய எஜமானரை நல்லவர் என்று சொன்னார். மற்றவர் கறுப்பின எழுத்தாளர். அவரிடம் சாட்டையடியைச் சொன்னார். குடும்பங்கள் பிரித்து விற்கப்பட்டதைச் சொன்னார். ஒரு பதிவில் அவர் சூசன் ஹாம்லின். மற்றதில் சூசன் ஹாமில்டன். ஒரு பெயரை மட்டும் தட்டச்சு செய்து தேடும் மாணவர் பாதி வாக்குமூலத்தை வைத்து முழு முடிவு எழுதிவிடக்கூடும். வறுமையிலும் இன ஒதுக்கலிலும் வாழ்ந்தவர் யாரிடம் பேசுகிறார் என்பதைப் பொறுத்தே பேச்சை அளந்திருக்கிறார். கேட்டவர் யார் என்று பார்ப்பது இங்கே ஆய்வின் முதல் வேலை.

3. தேடும் முறை

அந்தந்தக் காலத்தின் சொல்வழக்கை அறிந்து தேடுங்கள். காங்கிரஸ் நூலகம் 'நீக்ரோக்கள்' என்ற பொருள் தலைப்பை 1976-இல்தான் கைவிட்டது. 1920-களின் செய்தித்தாளில் 'ஆப்பிரிக்க அமெரிக்கர்' என்று தேடினால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. 1921-இல் டல்சா நகரின் கிரீன்வுட் பகுதியில் கறுப்பர் கொல்லப்பட்டதும் அவர்கள் வீடுகள் எரிக்கப்பட்டதும் நூறாண்டுக் காலம் 'இனக் கலவரம்' என்றே பதிவாயின. 2021-இல்தான் நூலகத் தலைப்பு 'படுகொலை' என மாறியது. பழைய பெயர் நம்மை வருத்தினாலும் அதையும் இட்டுத்தான் தேட வேண்டும். நாம் எழுதும்போது எந்தப் பெயரைச் சொல்வது என்பது நம் பொறுப்பு.

மௌனத்தையும் படியுங்கள். 1850, 1860 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கெனத் தனி அட்டவணை இருந்தது. அதில் உடைமையாளரின் பெயர் உண்டு. அடிமைப்படுத்தப்பட்டவருக்கு வயது, பால், நிறம் மட்டுமே. பெயர் பெரும்பாலும் இல்லை. எல்லோருடைய பெயரும் பதிவானது 1870-இல்தான். அதற்கு முன்னே செல்ல விரும்புகிறவர், விடுதலை பெற்றோர் நலனுக்காக 1865 முதல் 1872 வரை இயங்கிய அரசு அமைப்பின் மணப்பதிவுகளையும் கூலி ஒப்பந்தங்களையும் பார்க்க வேண்டும். தப்பியோடியவர்களைப் பிடிக்கச் செய்தித்தாள்களில் வந்த விளம்பரங்களை ஒரு தரவுத்தளம் திரட்டி வருகிறது. பிடிப்பதற்காக எழுதப்பட்ட அந்த வரிகளில் ஒருவர் அறிந்த தொழிலும், பேசிய மொழியும், உடலில் இருந்த தழும்பும் தெரிகின்றன. ஒடுக்கியவர் எழுதிய தாளிலிருந்தே ஒடுக்கப்பட்டவரின் வாழ்வை மீட்க முடியும்.

சந்தா இல்லையே என்று தயங்காதீர்கள். அட்லாண்டிக் அடிமைக் கப்பல்களின் பயணத் தரவுத்தளத்தில் 36,000 பயணங்களின் விவரம் எவருக்கும் திறந்திருக்கிறது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் கறுப்பின அறிஞர் டூ பாய்ஸின் தாள்களை இணையத்தில் வைத்திருக்கிறது. 1946-இல் அம்பேத்கர் அவருக்கு எழுதிய கடிதமும் அங்கே உண்டு. ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பர் அளித்த மனுவின் படியை அம்பேத்கர் அதில் கேட்கிறார். நம் மண்ணின் சாதி ஒழிப்புப் போராட்டமும் அமெரிக்கக் கறுப்பரின் போராட்டமும் ஒன்றையொன்று தேடியதற்கு அது நேரடிச் சான்று.

மாணவர்களே, உங்கள் ஆய்வேட்டின் முறையியல் இயலில் மூன்றை எழுதுங்கள்: எந்தத் தரவுத்தளத்தில் தேடினீர்கள், எந்தச் சொற்களை இட்டீர்கள், எது கிடைக்கவில்லை. கிடைக்காததையும் பதிவு செய்தால், அடுத்து வருபவர் நீங்கள் நின்ற இடத்திலிருந்து தொடங்குவார். பெயர் மறுக்கப்பட்ட மக்களின் வரலாறு அப்படிப் பலர் கைமாறித்தான் முழுமை பெறும்.