உழவு மூடிய போர்க்குழிகள்



அலங்காநல்லூர் வயக்காட்டில் நீளமாக ஒரு மண்மேடு தெரிந்தால் அது கண்மாய்க் கரையாக இருக்கும், இல்லாவிட்டால் வாய்க்கால் கரை. தண்ணீருக்காக மண் வெட்டியே பழகிய சீமை இது. ஆனால் போருக்காக மண் வெட்டிய காலமும் இதற்கு உண்டு.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. மார்ச்சில் ரங்கூன். ஏப்ரல் 5-ஆம் தேதி கொழும்பில் குண்டு விழுந்தது, 9-ஆம் தேதி திருகோணமலையில். அடுத்தது நாம்தான் என்ற கிலியில் சென்னையே பாதி காலியானது. இந்தியா முழுக்க இருநூறுக்கும் மேற்பட்ட விமானத் தளங்களுக்கு அவசரமாகத் திட்டம் போட்டார்கள். மதுரை, கயத்தாறு, செட்டிநாடு, உளுந்தூர்பேட்டை, சோழவரம் என்று நம் பக்கமும் ஓடுபாதைகள் வந்தன.

போர்க்காலத் தளம் என்றால் ஓடுபாதை மட்டுமல்ல. நிற்கும் விமானத்தைக் குண்டுச் சிதறலிலிருந்து காக்க லாட வடிவில் மண் அணை எழுப்புவார்கள். ஆட்கள் பதுங்க ஆள் உயரக் குழி. அதை நேர்கோட்டில் வெட்ட மாட்டார்கள். வளைத்து வளைத்து வெட்டினால்தான் ஒரு மூலையில் வெடிக்கும் குண்டு குழி முழுக்கப் பாயாது. சுடப் பழகும் இடத்தில், இலக்குக்குப் பின்னால் தோட்டாவை வாங்கிக்கொள்ள ஓர் உயர்ந்த மேடு.

இந்த மண்வேலைக்கு ஆயுள் குறைவு. நாலு ஐப்பசி மழை பெய்தால் குழி தூர்ந்துவிடும், மிச்சத்தை ஏர் மூடும். மேட்டு மண்ணோ வீட்டுக்கு அடிமண்ணாகப் போய்விடும். கல்லும் கான்கிரீட்டும் பாவிய ஓடுபாதையைத்தான் எந்தக் கலப்பையாலும் கீற முடியவில்லை. சோழவரத்தில் அதன்மேல் பல ஆண்டுகள் கார் பந்தயமே நடந்தது! கயத்தாறு என்றால் 1799-இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடம் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். அங்கே ஓடுபாதை கிடப்பதைச் சொல்வோர் குறைவு. நியாயம்தான், அங்கிருந்து நமக்குச் சொல்லும்படியான கதை எதுவும் புறப்படவில்லை.

மதுரைத் தளம் மட்டும் வளர்ந்தது. பொங்கலன்று காளைகள் பாயும் அவனியாபுரத்துக்குப் பக்கத்தில், இன்றைய விமான நிலையம் அதுதான். 2012-இல் அங்கிருந்து முதல் பன்னாட்டு விமானம் கிளம்பியது எங்கே தெரியுமா? கொழும்புக்கு.

கன்னியாகுமரி போகிறவர்கள் கயத்தாற்றில் காற்றாலைகளைப் பார்க்கும்போது கைபேசியில் செயற்கைக்கோள் வரைபடத்தையும் திறந்து பாருங்கள். ஓடுபாதைகள் பொட்டலில் பளிச்சென்று தெரியும். வண்டி ஓட்டுபவர் பார்க்க வேண்டாம்.